நாலு பிளாட், ஒரே பக்கம்: ஆர் மொழியில் பாகப்பிரிவினை குறித்த ஓர் ஆய்வு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் அப்பாவிடம், "நாலு பிளாட்டையும் ஒரே பக்கத்துல கொண்டுவந்துட்டேன்ப்பா" என்று சொன்னேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுல கார்னர் பிளாட் எத்தனை?" என்றார். ரெண்டுக்கு ரெண்டாக அடுக்கினால் நாலுமே கார்னர்தான் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. சென்ட் என்ன விலை என்று கேட்டார்.

இந்த ஆய்வு அந்த உரையாடலில் பிறந்தது. ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் வரையும் படத்துக்கும், ஊரெல்லையில் கல் நட்டு விற்கும் மனைக்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயல் என்று சிலர் சொல்லக்கூடும். இக்கட்டுரையாளர் மறுக்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மூத்த பொருள் நிலத்துண்டு; வரைபடம் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே ஒரு தாளில் பல படங்களை அடுக்குவது ஓவியமும் அன்று, கணினியியலும் அன்று; பாகப்பிரிவினையே என்பது நம் கருதுகோள். ஆய்வு மாதிரியின் அளவு ஒன்று. அந்த ஒன்று நான்.

முதலில் குலமுறை. ஆர் மொழிக்குத் தாய் எஸ். அது 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினரிடம் பிறந்தது. ஆர் பிறந்த இடம் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம். பெற்றோர் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன். அதன் 1.0.0 பதிப்பு வெளியான நாள் 2000 பிப்ரவரி 29. நாலு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பிறந்தநாள் கொண்டாடும் மொழிக்கு நாலின் மேல் இத்தனை பாசம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பழைய பாகமுறை எளிது. 'பார்' கட்டளைக்குள் 'எம்எஃப்ரோ' என்று எழுதி 2, 2 என்று கொடுத்தால் தாள் நாலாகப் பிரியும். படங்கள் வரிசை வரிசையாகக் குடியேறும். 'எம்எஃப்கால்' என்று கொடுத்தால் பத்தி பத்தியாக. இவ்விரு முறைக்கும் உள்ள வேறுபாட்டை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மூத்தவனுக்கு எந்த முறையிலும் மேல் இடது மூலைதான். கடைக்குட்டிக்கு எந்த முறையிலும் கீழ் வலது மூலைதான். இடம் மாறி அலைபவர்கள் நடுவில் பிறந்த இருவர் மட்டும்.

அடுத்தது சந்து விடுதல். ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் கீழே 5.1, இடது 4.1, மேலே 4.1, வலது 2.1 என்று ஆர் தானாகவே வரிக்கணக்கில் இடம் விட்டுவிடும். கீழே தொடங்கி வலமாகச் சுற்றிவர வேண்டும். மாற்றிச் சுற்றினால் பலன் இல்லை. தலைப்பே இல்லாத படத்துக்கும் தலைப்புக்கென்று நாலு வரி ஒதுக்கும் தாராளம் அதற்கு உண்டு. ஒற்றைப் படமென்றால் சரி. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பேரைக் குடிவைக்கும்போதுதான், ஒன்பது பேருக்கும் சந்து விட்டபின் வீடு கட்ட நிலமே இல்லை என்பது தெரியவரும். அப்போது 'ஓரங்கள் அளவுக்கு மீறிப் பெரிது' என்ற பொருளில் சிவப்பாக ஒரு எரர் வரும். படம் தெரிகிற ஜன்னலை மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பக்கத்து நிலத்தை வளைத்துப் போடுவது என்று இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கிடையில் எழுத்தின் அளவிலும் ஆர் கை வைத்திருக்கும். ரெண்டுக்கு ரெண்டு என்றதும் 0.83 மடங்கு, வரிசையோ பத்தியோ மூன்றைத் தொட்டால் 0.66 மடங்கு. நம்மைக் கேட்பதில்லை.

சமபாகம் பிடிக்காதவர்களுக்கு 'லேஅவுட்' இருக்கிறது. பெயரைக் கவனிக்க, இதற்கு மேலும் சான்று வேண்டுமா? மேல் வரிசை இரண்டும் முதலாமவனுக்கு, கீழே ஆளுக்கு ஒன்று என்று எண்களை ஒரு கட்டத்தில் நிரப்பிக் கொடுத்தால் அப்படியே பிரித்துத் தரும். சுழியம் போட்ட கட்டம் புறம்போக்கு. இதற்கும் உச்சவரம்பு உண்டு: 200 வரிசை, 200 பத்தி, மொத்தத்தில் 10007 கட்டம். 10007 என்பது பகா எண். பகுப்பதற்கென்றே பிறந்த ஒரு கட்டளைக்கு, எதனாலும் பகுக்க முடியாத எண்ணை உச்சவரம்பாக வைத்தவரின் உள்ளக்கிடக்கை தனி முனைவர் பட்டத்துக்கு உரியது. நமக்கு நேரமில்லை.

'லாட்டிஸ்' பேக்கேஜ் வழியினர் வேறு சம்பிரதாயம். அங்கே முதல் படம் கீழ் இடது மூலையில் அமர்ந்து, மற்றவை வலப்பக்கம் போய், பிறகு மாடி ஏறும். கிராஃப் தாளில் சுழியம் அங்கேதானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். தர்க்கத்தில் பிழையில்லை. ஜனவரி தரையிலும் டிசம்பர் மொட்டைமாடியிலும் நிற்பதைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு பதறுகிறது. 'அட்டவணை மாதிரி அடுக்கு' என்று தனியாகச் சொன்னால் டிசம்பரைக் கீழே இறக்கி வைக்கும்.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். அளவுகோல் பொதுவா, தனித்தனியா? 1973இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நாலு சிறு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளி. நாலிலும் எக்ஸின் சராசரி 9, ஒட்டுறவு ஏறத்தாழ 0.816, பொருத்திய கோடும் அதே கோடு. படமாகப் போட்டால் ஒருவன் ஒழுங்காகச் சிதறியிருப்பான், இன்னொருவன் வில்லாக வளைந்திருப்பான், மூன்றாமவன் நேர்கோட்டில் நடந்து ஓரிடத்தில் மட்டும் துள்ளியிருப்பான். நாலாமவன் விசேஷம்: பத்துப் புள்ளிகள் 8க்கு நேரே ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்க, மிச்சம் ஒரே ஒரு புள்ளி 19இல் போய்த் தனிக்குடித்தனம்.

ஆருக்குள்ளேயே இந்தத் தரவும், நாலையும் அடுக்கும் மாதிரி நிரலும் இருக்கின்றன. பாகப்பத்திரம் எழுதுவோர் மனப்பாடம் செய்ய வேண்டிய நிரல் அது. ரெண்டுக்கு ரெண்டு, சந்து கீழும் இடமும் 4.1, மேலும் வலமும் 1.1 ஆகக் குறைப்பு. நாலு பேருக்கும் பொதுத் தலைப்புக்காகக் கூரைக்கு மேலே வெளி ஓரமாக இரண்டு வரி. அதெல்லாம் பெரிதல்ல. எக்ஸ் அச்சு நாலுக்கும் 3 முதல் 19 வரை என்று எழுதியிருப்பதுதான் விஷயம். முதல் மூன்று பேரின் எக்ஸும் 14ஐத் தாண்டுவதில்லை. கடைக்குட்டியின் ஒற்றைப் புள்ளிக்காக அண்ணன்மார் மூவரும் தங்கள் நிலத்தில் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தரிசாகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தரிசைப் பார்த்தால்தான் நாலாமவன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்பது கண்ணில் படும். ஆளுக்கொரு மரக்கால் கொடுத்து அளந்திருந்தால் அவனும் வீட்டோடு இருப்பதாகவே தோன்றியிருக்கும்.

இது தெரிந்தும் நான் ஒருமுறை என் நாலு படங்களுக்கும் தனி அளவுகோல் கொடுத்தேன். மூன்றாவது படத்தில் ஒன்றுமில்லாத ஒரு நெளிவு இமயமலை போல எழும்பி நின்றது. அழகாக இருந்தது. என் ஆய்வு வழிகாட்டி அச்சைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கு மேல் அந்தச் சம்பவத்தில் ஆய்வுக்குரியது ஏதுமில்லை.

'ஜிஜிபிளாட்2' வந்தபின் சட்டமே மாறிவிட்டது. ஹேட்லி விக்கம் எழுதிய இந்தப் பேக்கேஜ், அதே ஆக்லாந்தில் பால் முர்ரல் எழுதிய 'கிரிட்' என்னும் வேறு அடித்தளத்தில் நிற்பது. பழைய எம்எஃப்ரோ அங்கே செல்லாது. செல்லாது என்று சொல்லவும் சொல்லாது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. நாலு படமும் நாலு முழுப்பக்கமாகப் பேசாமல் வந்து நிற்கும். வேறு தாலுகாவில் எடுத்த பட்டாவை இங்கே நீட்டினால், அதிகாரி வாங்கிப் பார்த்து மேசைமேல் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாரே, அந்த அமைதி. ராத்திரி ஒரு மணிக்கு நான் அதே வரியை ஆறு முறை ஓட்டினேன்.

தீர்வு 'பேட்ச்வொர்க்'. தாமஸ் லின் பெடர்சன் எழுதியது. ஒட்டுப்போட்ட துணி என்று பொருள்படும் அடக்கமான பெயர். இதில் நிமிர்ந்த கோடு போட்டால் பக்கத்தில், சாய்கோடு போட்டால் கீழே. இத்தனை சுலபமா என்று மகிழ்ந்து அ | ஆ / இ என்று எழுதுவோம். மனதில் நினைத்தது மேலே இருவர், கீழே ஒருவர். வருவதோ வேறு. ஆரின் இலக்கணத்தில் சாய்கோடு முந்திப் புணரும். ஆகவே ஆவும் இயும் முதலில் ஒட்டிக்கொண்டு வலப்பாதியில் மேலும் கீழுமாக நெருக்கியடித்துக் கிடக்க, அ மட்டும் இடப்பாதி முழுவதையும் வளைத்துக்கொள்ளும். அடைப்புக்குறி போட மறந்ததால் சொத்து போனவர் பலர்.

கடைசியாகக் கிணறு. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லெஜெண்ட்தான் இங்கே கிணறு. நாலு வீட்டுக்கும் நாலு கிணறு என்று விட்டால் வலப்பக்கமெல்லாம் கிணறாகவே இருக்கும். 'எல்லாவற்றையும் திரட்டு' என்று பேட்ச்வொர்க்கிடம் சொன்னால் ஒன்றாக்கித் தரும், ஆனால் நாலும் அச்சு அசலாக ஒரே கிணறாக இருந்தால் மட்டும். ஒரு படத்தில் நிற அளவு 40 வரைக்கும் இன்னொன்றில் 42 வரைக்கும் போனால் இரண்டு கிணறும் அடுத்தடுத்து நிற்கும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு எண் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை ஆனது.

இப்படியாக நாலும் ஒழுங்காக உட்கார்ந்து, கிணறு ஒன்றாகி, மூலைகளில் அ, ஆ, இ, ஈ என்று பட்டயம் கட்டி, கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: படங்களைத் தனித்தனிக் கோப்பாக அனுப்பவும்.

அப்பாவிடம் சொல்லிப் புலம்பினேன்.

"அவங்க சொல்றதுதான் சரி" என்றார். "நாலு பேருக்கும் தனித்தனியாப் பத்திரம் போட்டுடு. பின்னாடி வில்லங்கம் வராது."