சரக்கில்லாத முதலாளி

"சரக்கில்லாத ஆள்" என்று ஆபீசில் என்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அதையே முதலாகப் போட்டு ஒரு வியாபாரம் தொடங்கலாம் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

அதற்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். கடை நம்முடையது, சரக்கு வேறொருவருடையது. வாங்குகிறவர் நம் கடையில் ஆர்டர் போடுவார். நாம் அதை மொத்த வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டும். அவர் தன் கிடங்கிலிருந்து நேரே வாங்குகிறவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நடுவில் இருக்கும் விலை வித்தியாசம் நமக்கு. குடோன் வேண்டாம், ஆள் வேண்டாம், கைமுதல் வேண்டாம். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடையின்போது ஒரு நண்பர் இதை விளக்கினார். அஸ்தினாபுரம் வீட்டுக்குத் திரும்புவதற்குள் நான் மனத்தளவில் முதலாளியாகிவிட்டேன்.

"ஆடி மாசத்துல யாராவது கடை திறப்பாங்களா?" என்றாள் மனைவி.

"இன்டர்நெட்டுல ஆடி கிடையாது."

"தள்ளுபடி மட்டும் இருக்கா?"

இலவசமாக இணையக் கடை கட்டித் தரும் தளம் ஒன்றில் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். ஒரு மணிக்குக் கடை திறந்தாகிவிட்டது. எங்கள் வீட்டு அலமாரிக்குக் கதவு மாட்ட ஆசாரி எட்டு நாள் எடுத்துக்கொண்டார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கடைக்கு வைத்த பெயரைச் சொல்ல மாட்டேன், அது இன்னும் இணையத்தில் கிடக்கிறது. இலவசக் கணக்கு என்பதால் கடையின் முகவரியில் என் பெயர் ஒரு சாண், அவர்கள் பெயர் ஒரு முழம். பக்கத்தின் அடியில் ஒரு பட்டை வேறு: "உங்களுக்கும் இப்படி ஓர் இலவசக் கடை வேண்டுமா?" வாடகைப் பாத்திரத்தில் கடைக்காரர் பெயரை வெட்டி வைத்திருப்பதுபோல, எவ்வளவு தேய்த்தாலும் அது போகவில்லை.

பண்டம்? கயிற்றை இழுத்தால் வெங்காயம் பொடியாகும் பச்சை நிறச் சாப்பர். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் சீனச் சரக்கை அலிஎக்ஸ்பிரஸ் வழியாக வாங்கச் சொன்னார்கள். அதை நம் அரசு 2020 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. ஆகவே தில்லிப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவரைப் பிடித்தேன். அவர் விலை 140 ரூபாய், கூரியர் 60, நான் விற்பது 299. டப்பாவுக்கு லாபம் 99. நாளைக்குப் பத்து விற்றால் மாதம் 29,700. முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன் போட்ட கணக்கு இது.

மனைவியின் முகத்தில் நம்பிக்கை தெரியாததால் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனை 1928-ல் வாங்குவதற்கு முன்பு தபால் வழி வியாபாரமும் விளம்பர ஏஜென்சியும் நடத்தியவர். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்துப் பத்திரிகையை வாங்கினார் என்பார்கள். பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் "வி.பி.பி.யில் அனுப்பப்படும்" என்றிருக்கும். தபால்காரர் கையில் காசைக் கொடுத்தால் பார்சல் கிடைக்கும். இன்றைய கேஷ் ஆன் டெலிவரிக்கு அதுதான் தாத்தா.

"அவருக்கு எழுத வரும், எழுத்தை வாங்கினாரு. உங்களுக்குக் காய் நறுக்க வருமா?" என்றாள்.

2015-ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோவையும் சொல்லிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, விலைமேல் கொஞ்சம் வைத்துச் சேலை விற்ற குடும்பப் பெண்களால் வளர்ந்த கம்பெனி அது. ஆனால் யாருக்கு எந்தக் கலர் பிடிக்கும், யார் பணத்தை இழுத்தடிப்பார் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். எனக்கு எதிர்வீட்டுக்காரர் பெயரே கூரியர் வந்தால்தான் ஞாபகம் வரும்.

அடுத்து ஜி.எஸ்.டி. குரோம்பேட்டை வட்டாரத்துக்காரனுக்கு ஜி.எஸ்.டி. என்றால் சாலை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. 2017 ஜூலை 1 முதல் அது வரியும் ஆனது. இரண்டையும் உயிரோடு கடப்பதற்குத் துணை வேண்டும் என்று ஆடிட்டர் நண்பரிடம் போனேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், மாநில எல்லை தாண்டி ஒன்று விற்றாலும் பதிவு கட்டாயம் என்றார். 40 லட்சத்தை 299-ஆல் வகுத்தேன். 13,377 டப்பா வரை பயமில்லை. அன்றிரவே பெங்களூரிலிருந்து மைத்துனி போன் செய்தாள்: "மாமா, எனக்கு ஒண்ணு அனுப்புங்க." "வேண்டாம்மா, மாசாமாசம் ரிட்டர்ன் போட வெச்சுடாதே" என்று கெஞ்சினேன். முதல் வாடிக்கையாளரையே கையெடுத்துக் கும்பிட்டு விரட்டிய வியாபாரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள் என்று ஒன்று உண்டு. குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு எண்ணையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மனைவியின் பெயரைப் போட்டேன். "முப்பது வருஷமா இந்த வீட்டுல புகாரும் நானே குடுத்து, தீர்ப்பும் நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்பவாவது போர்டு போட்டீங்களே" என்றாள்.

பதினோராம் நாள் முதல் ஆர்டர். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் நான் நான்காவது முறை லிங்க் போட்டதைப் பொறுக்க முடியாமல் பின் தெரு மாமி போட்டது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து எட்டினால் அவர் வீட்டுத் துளசி மாடம் தெரியும்.

மொத்த வியாபாரியிடம் வேலை பார்க்கும் தில்லிப் பையன் முகவரியைச் சரிபார்க்கப் போன் செய்தான். என் இந்தி பிராத்மிக்கோடு நின்றது. "ஹஸ்தினாபூர்?" என்றான். "ஹாங், ஹாங், ஹஸ்தினாபூர்" என்றேன், ஊர்ப் பெயரை ஒரு வடநாட்டுக்காரன் இத்தனை அழகாகச் சொல்கிறானே என்ற பூரிப்பில். "ரொம்பக் கிட்டத்துல இருக்கு, நாளைக்கே போயிடும்" என்று அவன் சொன்னதாகப் பட்டது. தில்லியிலிருந்து அஸ்தினாபுரம் கிட்டத்திலா என்று நான் யோசித்திருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் மீரட் மாவட்டத்தில் அசல் ஹஸ்தினாபூர் இருக்கிறது. 600064 என்ற பின்கோடைப் பிழை என்று எண்ணி அவனே திருத்திவிட்டானாம்.

ஊசிமுனை நிலம்கூடத் தர மாட்டேன் என்று துரியோதனன் சொன்ன ஊருக்கு என் சாப்பர் போய்ச் சேர்ந்தது. 1950-52-ல் தொல்லியலாளர் பி.பி.லால் அங்கே தோண்டியபோது சாம்பல் நிற ஓவியப் பானை ஓடுகள் கிடைத்தன. அடுத்த முறை தோண்டுகிறவர்களுக்குப் பச்சை நிறப் பிளாஸ்டிக் கிடைத்து, பாஞ்சாலி காய் நறுக்கியது இதில்தான் என்று யாராவது கட்டுரை படிக்கப் போகிறார்களே என்று கவலைப்பட்டேன். பாண்டவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் வனவாசம், ஒரு வருஷம் அஞ்ஞாதவாசம். என் டப்பா பத்தொன்பது நாளில் தெற்கே திரும்பிவிட்டது. அதில் ஏழு நாள் டிராக்கிங்கிலும் தட்டுப்படவில்லை.

அதற்குள் மாமி ஜி.எஸ்.டி. சாலைக் கடையில் 180 ரூபாய்க்கு அதே சாப்பரை வாங்கியிருந்தார். வந்ததை வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேஷ் ஆன் டெலிவரியில் அதற்கு உரிமை உண்டு. அனுப்பிய சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்பது மொத்த வியாபாரியின் சட்டம். ஆகவே திருப்பி அனுப்பும் முகவரியாக என் வீட்டைப் போட்டிருந்தேன். மாமி வீட்டிலிருந்து என் வீடு இருநூறு அடி. நான்கு நாள் கழித்து வந்தது.

பில்லும் வந்தது. கூரியரில் எடை என்பது தராசு எடை மட்டுமல்லவாம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். தில்லிக்காரர் போட்ட பெட்டி 30, 25, 20. வகுத்தால் மூன்று கிலோ. உள்ளே 400 கிராம் சாப்பர், மீதி இரண்டு கிலோ அறுநூறு கிராம் தில்லிக் காற்று. காற்றையும் சேர்த்துப் போகக் கட்டணம் 210, மாமி வாங்கியிருந்தாலே 51 ரூபாய் நஷ்டம். வாங்காததால் திரும்பி வரவும் தனிக் கட்டணம். தில்லிக் காற்றை இத்தனை விலை கொடுத்து வாங்கிய ஆள் எங்கள் பேட்டையில் வேறு யாரும் இல்லை.

மொத்தம் பதினேழு ஆர்டர், அதில் பதினொன்று திரும்பியது. ஒரு வீட்டில் மகன் கேட்டதை அப்பா மறுத்தார், ஒரு வீடு பூட்டியிருந்தது, ஒருவர் "போட்டோவுல பெரிசா இருந்துச்சே" என்றார். சரக்கே இல்லாத வியாபாரத்தில் எங்கள் பரண் நிரம்பிவிட்டது. போன வருஷத்துப் போர்வைகளும் கொலுப் பொம்மைகளும் கீழே இறங்கி ஹாலில் குடியேறின.

இந்த நிலையில் சேலையூரிலிருந்து மனைவியின் தம்பி வந்தான். "மாமா, நானும் ஒரு ஆன்லைன் கடை போட்டிருக்கேன்." அதே தில்லிக்காரர், அதே பச்சைச் சாப்பர், 279 ரூபாய். எப்படித் தெரியும் என்றேன். "உங்க கடையில கீழே ஒரு பட்டை இருந்துச்சே, அதை அமுக்கினேன்."

நவராத்திரி வந்தது. வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுக்க மனைவி வருஷாவருஷம் குட்டி டப்பா தேடுவாள். இந்த வருஷம் தேடவில்லை. ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறச் சொன்னாள். சுண்டல், மஞ்சள், குங்குமம், ஆளுக்கொரு சாப்பர். பின் தெரு மாமி "நவராகமாலிகை" வர்ணத்தைப் பாதி பாடிவிட்டு அவருடையதை வாங்கிக்கொண்டு போனார். பெட்டிமேல் ஒட்டியிருந்த கூரியர் சீட்டைக் கிழிக்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் நிறுவனத்தின் முதல் புகார் குறைதீர்ப்பு அலுவலரின் போனுக்கு வந்தது. "கயிறு பாதியில் சிக்கிக்கொள்கிறது. பில் இல்லை. பெட்டிமேல் என் பெயரும் விலாசமும் எப்படி வந்தன? ஹஸ்தினாபூர் என்று முத்திரை வேறு."

48 மணி நேரம் ஆகவில்லை, நாலு நிமிஷத்தில் "கிடைத்தது" என்று மனைவி பதில் போட்டுவிட்டாள். தீர்வுக்கும் ஒரு மாதம் ஆகவில்லை. "முதலாளியே நேரில் வருவார்" என்று அடுத்த வரி.

இப்போது பின் தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். கையில் ஒரு முழம் நைலான் கயிறு, தேங்காய் எண்ணெய்க் குப்பி, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அரிவாள்மணை.