தானேவுக்கு முன், தானேவுக்குப் பின்

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் யாராவது, "மிளகாய்ச் செடியில் இலை சுருண்டுக்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டால் போதும். மஞ்சக்குப்பத்தில் நம் சார் ஃபோனைக் கையில் எடுத்துவிடுவார். எழுதமாட்டார். பேசுவார். நாலு நிமிஷத்துக்குக் குறைந்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

"வணக்கம் மேடம். மிளகாய்ன்னு சொன்னீங்க பாருங்க, ரொம்ப நல்ல கேள்வி. தானே புயலுக்கு முன்னாடி நமக்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு தோட்டம் இருந்துச்சு. ஆறு பலா மரம். ஒவ்வொண்ணும் எங்க தாத்தா வெச்சது..."

அவ்வளவுதான், மிளகாய் போயிற்று. 2011 டிசம்பர் 29 ராத்திரிக்குள் நாம் நுழைந்துவிட்டோம். காற்று முதலில் ஒரு பக்கமாக அடித்தது, கொஞ்ச நேரம் ஓய்ந்த மாதிரி இருந்தது, டார்ச்சை எடுத்துக்கொண்டு சார் வெளியே வந்தார், அப்போது பார்த்துக் காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. முதல் மரம் பம்ப்செட் கொட்டகை மேல். இரண்டாவது மரம் முதல் மரத்தின் மேல். மூன்றாவது விழும்போது ஒலிப்பதிவு முடிந்துவிடும். மீதி மூன்றும் அடுத்த பதிவில் விழும். போன வருஷம் ஆறாக இருந்த மரங்கள் பொங்கல் சமயத்தில் ஒன்பதாயின. இப்போது பதினொன்று. விழுந்த பிறகும் தோப்பு பெருகிக்கொண்டே போவது நம் குழுவில் மட்டும்தான்.

எந்தக் கேள்வியிலிருந்தும் அவர் தானேவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பதுதான் ஆச்சரியம். ரோஜாவில் மொட்டு உதிர்கிறதா? தானே அன்றைக்கு அவர் வீட்டு ரோஜாவில் மொட்டு மட்டுமா உதிர்ந்தது, சுவரே உதிர்ந்தது. மண்புழு உரத்தில் எறும்பு ஏறுகிறதா? தானேவுக்குப் பிறகு வந்த எறும்பெல்லாம் வேறு ஜாதி. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது, கீரைக்கு ஊற்றலாமா? தானேவுக்கு முன்னால் அவர்கள் தெருவில் தண்ணீர் கற்கண்டு. ஒருவர் வழி தெரியாமல் வந்து, சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சுக்கு எந்தக் கத்திரி நல்லது என்று கேட்டார். பாவம், நடராஜர் கோயில் பிரகாரத்தில் அன்றைக்கு எத்தனை மரம் சாய்ந்தது என்று தெரிந்துகொண்டு போனார்.

ஒரே ஒரு முறை பதிலுக்கு மிக அருகில் வந்துவிட்டார். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றலாமா என்று திருப்பாப்புலியூர் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். சார் சொன்னார்: "தானே அடிச்சப்ப எத்தனை நாள் கரண்ட் இல்ல தெரியுமா? ஃப்ரிட்ஜுல இருந்த தயிர் அத்தனையும் புளிச்சுப் போச்சு. தூக்கி எல்லாத்தையும் கறிவேப்பிலைத் தொட்டியில ஊத்திட்டேன்." நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பதிவு நின்றுவிட்டது. "அப்புறம் செடி என்னாச்சு சார்?" என்று நானே கேட்டேன். "அதுவா? வீட்டை இடிச்சுக் கட்டினோம்ல, தொட்டியைத் தூக்கிப் போட்டாச்சு."

காலை வணக்கப் படம், "போட்டோ கிளியரா இல்ல, வேற ஆங்கிள்ல எடுங்க" என்ற கண்டிப்பு, இரண்டு நாள் கழித்து, "நான் சொன்னதைச் செஞ்சீங்களா?" என்ற விசாரணை இதெல்லாமும் உண்டு. எல்லாக் குழுவிலும் உண்டு. இவருடைய உறவுக்காரர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேதாரண்யத்தில் என்றால் 2018 கஜா, சென்னையில் என்றால் 2016 வர்தா. ராமேசுவரம் பக்கம் பெரியவர் யாராவது மாட்டினால் 1964 தனுஷ்கோடி. நீங்கள் கேட்டது என்னவோ தக்காளிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை உரம் என்பதுதான்.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. அண்ணாமலை நகரில் ஒரு அம்மா இருக்கிறார். பேச்சே கிடையாது, இரண்டு வரி எழுதுவார். மிளகாய்க் கேள்விக்கும் எழுதினார்: "இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்தி. இலையின் அடிப்பக்கம் பாருங்க. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்புத் தண்ணி, சாயங்காலம் தெளிங்க." கேட்டவருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு வரிக்கு மேலே மூன்று பலா மரம், கீழே மூன்று பலா மரம். நடுவே கும்பிடும் கைகள், "அருமை ஐயா", "கண் கலங்கிடுச்சு சார்". கேட்ட பெண் புதிது. பையும் தேங்காய் நார்க்கழிவும் காசு கொடுத்து வாங்கி, முதல் முதலாக நட்டவர். பதிலைப் பார்த்தாரோ இல்லையோ, அதே வாரம் குழுவை விட்டுப் போய்விட்டார். அனுபவத்தைப் பகிர்கிறேன் என்று சொல்லி அடுத்தவர் கேள்வியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது உதவி ஆகாது. பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலமே இருக்கிறது. அவ்வளவு தூரம் போகச் சங்கடப்பட்டுத்தான் ஜனங்கள் முன்பின் தெரியாத நம்மிடம் கேட்கிறார்கள்.

ஆனால் அவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த அந்தப் புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனது கதையில்லை. கொட்டை போட்டு வளர்க்கிற பலா காய்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும். தாத்தா வைத்த மரத்துக்கு நஷ்டஈடு எந்தக் கணக்கில் வரும்? சார் வீட்டு மாடியில் நீல டிரம் ஒன்றில் ஒரு பலாக் கன்று நிற்கிறது. டிரம்மில் பலா வைப்பவருக்கு நாம் என்ன ஆலோசனை சொல்ல? ஊர் முழுக்கப் படம் கேட்கிறவர் அதை மட்டும் படமாகப் போட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டுத்தான் பார்த்தோம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது, அதற்கு முந்தின நாள் சார் முதல் தடவையாக எழுதினார். பைகளை எல்லாம் கைப்பிடிச் சுவர் ஓரமாக நெருக்கி வையுங்கள். பந்தல் வலையைக் கழற்றிவிடுங்கள், காற்றைப் பிடித்துக் கம்பியோடு பிடுங்கும். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைத்திருக்கிறதா பாருங்கள். தொங்கும் தொட்டி எல்லாம் இன்றைக்கே தரைக்கு. அதில் ஒரு வரி வீண் இல்லை. பலா மரம் ஒன்றுகூட விழவில்லை. அவர் சொன்னபடி செய்த வீடுகளில் பந்தல் தப்பியது, என் வீட்டிலும்தான். அடுத்த வாரம் செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று ஒருவர் கேட்டார். பதினொன்றும் வரிசையாக விழுந்தன.

ஆகவே குழு அட்மினுக்கு ஒரு விண்ணப்பம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சாருக்கு முழு அதிகாரம் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னபடி கேட்கிறோம். மீதி ஒன்பது மாதமும் எழுத்தில் மட்டும், இரண்டு வரிக்கு மிகாமல்.