குறிஞ்சியில் ஒரு கூடாரம்: முதல், கரு, உரி

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; சிறுபொழுது யாமம். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். ஆகவே தீபாவளியை ஒட்டிய விடுமுறையில் ஒரு குடும்பம் கொடைக்கானல் மலையில் கூடாரம் அடித்துத் தங்குமானால், அது தொல்காப்பியத்துக்கு முற்றிலும் உடன்பட்ட செயல். வானிலை மட்டும்தான் உடன்படுவதில்லை.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. பழனி மலைத் தொடருக்கு அதில் தாராளமான பங்கு உண்டு. நாட்காட்டிப் படங்களில் காணும் செம்மஞ்சள் இலைகளை எதிர்பார்த்து வருவோர் இங்கே ஏமாறுவர். சோலைக்காடு பசுமை மாறாக் காடு. இந்தப் பருவத்தில் உதிர்வது மழை ஒன்றே. குறிஞ்சிப் பூவையும் எதிர்பார்க்க இயலாது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளிலும் குடும்பத்தில் ஒருவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரத்து ஊதாப் பூ ஒன்றைக் குறிஞ்சி என்று அறிவித்துப் படம் எடுப்பார். அவர் தமிழ் படித்தவராக இருந்தால் மறுப்பது கடினம்.

முதற்பொருளில் நிலத்தின் இயல்பு வருமாறு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஆகவே வத்தலக்குண்டில் எவருக்கும் தேவைப்படாத ஸ்வெட்டர் பெருமாள்மலையில் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும். அப்போது அது பெட்டியின் அடியில் இருக்கும். காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பிக்கொள்கின்றன. இதைக் கண்டு, கடைக்காரர் இம்முறை நிறையப் போட்டிருக்கிறார் என்று மகிழும் சிறுவர் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் உட்செவி ஒன்றைச் சொல்ல, கைப்பேசியில் குனிந்த கண் வேறொன்றைச் சொல்ல, வயிறு தன் முடிவைத் தானே எடுக்கிறது. எலுமிச்சம்பழம் முகர்வோர், இஞ்சி மெல்லுவோர், முன் இருக்கையைக் கேட்போர் என்று இதில் மூன்று மரபுகள் நிலவுகின்றன. மூன்றாம் மரபினர் வாந்தி வராதபோதும் முன் இருக்கையை விடுவதில்லை.

கருப்பொருளுக்கு வருவோம். தெய்வம் முருகன், பூம்பாறையிலும் குறிஞ்சியாண்டவர் கோயிலிலும் அவர் இருப்பதால் இந்த இடத்தில் இலக்கணம் வழுவவில்லை. விலங்கில் யானையும் புலியும் பின்வாங்கி, ஊருக்குள்ளேயே உலவும் காட்டுமாடும், வாழைப்பழத்தைப் பையோடு கொண்டுபோகும் குரங்கும் முன்வந்துள்ளன. பறை தொண்டகம், இப்போது புளூடூத் ஸ்பீக்கர். உணவுதான் பெரிதும் திரிந்தது. தினையும் தேனும் இருந்த இடத்தில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் ஆகிய மூன்றும், அவற்றுக்குத் துணையாக உருளைக்கிழங்குப் பொரியலும் வந்தமர்ந்துள்ளன. இவை முதல் நாள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகே முகாமின் மெய்யான பொருளாதாரம் வெளிப்படுகிறது.

வீட்டை விட்டுச் சில நாள் விலகி இருப்பதே முகாமின் நோக்கம் என்பது கூடாரம் விற்போர் கருத்து. குடும்பம் அப்படிக் கருதுவதில்லை. அது வீட்டையே மலைமேல் ஏற்றுகிறது. இதற்கான சான்று வண்டியின் பின்பக்கம். அங்கே கூடாரமும் தூக்கப்பைகளும் அடைபட்டுக் கிடக்க, அவற்றின் மேல் ஐந்து லிட்டர் குக்கர், அஞ்சறைப் பெட்டி, ஃபில்டர், தோசைக்கல், மாவு வாளி, எவர்சில்வர் குடம், துணி காயப்போடும் கயிறு, அலமாரியிலிருந்து எடுத்த சாமி படம் ஒன்று. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருப்பதால் குடத்துக்கு நியாயம் உண்டு. தோசைக்கல்லுக்கு இல்லை, ஆனால் அதைக் கேட்கும் துணிவு எவருக்கும் வந்ததில்லை.

குக்கரை மட்டும் இயற்பியலே ஆதரிக்கிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். கொடைக்கானல் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே. பொங்கிப் பொங்கிக் கொதித்தாலும் பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் சாம்பார் வைக்க முயன்ற குடும்பங்கள் இரவு எட்டரைக்கு மேல் பிஸ்கட் சாப்பிட்டுப் படுத்ததன் காரணம் இதுவே. குக்கரின் மூடி நீராவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டுகிறது. விசில் வருகிறது, பள்ளத்தாக்கின் அமைதி குலைகிறது, பக்கத்துக் கூடாரத்துக்காரர் எட்டிப் பார்த்து, ‘என்ன குழம்பு?’ என்கிறார். இங்கே ஒன்றைப் பதிவு செய்தல் வேண்டும். முகாமில் நன்றாக ஓய்வெடுத்தோம் என்று பின்னர் சொல்வோர் பட்டியலில் அந்தக் குக்கரை இறக்கியவர் பெயர் இடம்பெறுவதில்லை. கீழே எரிவாயு அடுப்பும் குழாயும் இருந்தன. மேலே அவருக்குக் கிடைத்தது காட்சி மட்டும், அதுவும் அடுப்புக்கு முதுகைத் திருப்பினால்.

தீ மூட்டுதல் ஆடவர் துறை. ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றித் தங்குவதும் தீ வைப்பதும் குற்றமாகையால், முகாம் தனியார் தோட்டத்தில் நடைபெறும். ஐப்பசி விறகு ஈரமானது. குடும்பத் தலைவர் ஒரு தீப்பெட்டியைத் தீர்த்து, செய்தித்தாளைத் தீர்த்து, பொறுமையையும் தீர்த்த பின், மூதாட்டி எவரும் கேளாமலே பூஜைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து நீட்டுவார். பற்றிக்கொள்ளும். அதன்பின் பாட்டுக்குப் பாட்டு தொடங்கும். ‘ம’ எழுத்தில் தகராறு மூளும்.

உரிப்பொருளில்தான் சிக்கல். குறிஞ்சிக்கு உரியது புணர்தல். நால்வர் படுக்கும் கூடாரத்தில் பாட்டி உட்பட ஆறு பேர் படுத்திருக்க, இதற்கு இடமில்லை என்பது தெளிவு. ஆயினும் மற்ற நான்கு திணைகளின் உரிப்பொருளும் குறைவின்றி நிகழ்வதால் இதைத் திணை மயக்கம் என்று கொள்ளலாம். கழிப்பறை வாசலில் இருத்தல். ‘ஏங்க, கேஸை மூடினோமா?’ என்று இரங்கல். சிக்னல் கிடைக்காத மகளுக்குப் பிரிதல். மருதத்துக்குரிய ஊடல் எந்நேரமும் உண்டு.

சிறுபொழுதாகிய யாமம் இரவு பத்து முதல் இரண்டு வரை. குளிர் காது வழியாகவே புகும் என்ற கோட்பாட்டின்படி அனைவரும் குரங்குக் குல்லா அணிந்திருப்பர். உண்மையில் உடலின் சூட்டை உறிஞ்சுவது தரை. கம்பளி முழுவதையும் மேலே போர்த்து, அடியில் மெல்லிய ஜமக்காளம் மட்டும் விரிப்பவர்கள் விடியும்வரை புரண்டுகொண்டே இருப்பதற்குக் காரணம் அதுதான். பனி வந்துவிடும் என்று ஜிப்பை முழுக்க இழுத்து மூடுவது அடுத்த பிழை. ஆறு பேர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் நீராகப் படிந்து சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று வாங்கி வந்தவர்மேல் குற்றம் சாட்டப்படும். இந்த விசாரணையின் நடுவே கடைக்குட்டி, ‘அப்பா, வருது’ என்பான். வெளியே மழை, இருட்டு, அட்டை. காட்டுமாடு நிற்கவும் கூடும். அப்போது தந்தை ஆழ்ந்து உறங்குவதாகக் காணப்படுவார். இந்த உறக்கம் மெய்யா என்பதில் தாய்மார்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

இறக்கம் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மலைப்பூண்டு, தைலம், சாக்லேட் வாங்கப்படும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு என்பதால் பேரம் படியாது. காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும். மடித்த கூடாரம் அது வந்த உறைக்குள் மீண்டும் புகாது. மூவர் அதன்மேல் உட்கார்ந்தாலும் புகாது. எனவே அது சாக்குப் பையில் வீடு திரும்பிப் பரணுக்குச் செல்லும். சித்திரையில் தரைவிரிப்பு மட்டும் இறக்கப்பட்டு, மொட்டைமாடியில் வடகம் காயப்போடப் பயன்படும். கம்பிகளில் ஒன்று ஒட்டடைக் கோலுக்குக் கைப்பிடியாகும். மீதிக் கம்பிகளை யாரும் தேடுவதில்லை.