நகரா வண்டி இயல்: மலையோர ஜீப்பின் கியர்ப் பூட்டு குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பாயிரமின்றி நூல் தொடங்குவது மரபன்று. நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டு உறுப்பு கேட்கிறார். எட்டையும் முதலிலேயே செலுத்திவிடுகிறோம். ஆக்கியோன்: மெக்கானிக் அல்லாத ஒருவர், மெக்கானிக்குகளுக்கு வேலை இருக்கிறது. வழி: பட்டறை வாசலில் நின்று பெற்ற கேள்விஞானம். எல்லை: வடக்கே நெல்லியாம்பதி, தெற்கே குமுளி. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: உரைநடை, வண்டி நகராத இடங்களில் மட்டும் நூற்பா. நுதலிய பொருள்: பழைய ஜீப்பின் கியர் பெட்டி திடீரென இறுகி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நிற்கும் நிலை. கேட்போர்: அப்படி நின்ற ஜீப்பின் பின்பக்கத்தில் ஏலக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருப்போர். பயன்: அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கில் கடைசியாகச் சொன்னதற்கு, இருட்டுவதற்குள் போய்ச் சேர்தல்.

இயல் 1: நிலம்

பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன. ஆயினும் இவ்வாராய்ச்சி இரண்டையும் ஒரே நிலமாகக் கொள்கிறது. காரணம், இரண்டும் கிழக்கே தமிழ்நாட்டின்மேல் சாய்ந்திருப்பவை. நெல்லியாம்பதியிலிருந்து மூணாறு போக நினைப்பவர் நெம்மாறையில் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி கேரளத்துக்குள் ஏறலாம்.

இன்னும் நுட்பமாகப் பார்த்தால் இந்நிலத்தின் குணம் விளங்கும். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் போக வேண்டும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜீப் ஏறுவதோ இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்து. கம்பத்திலும் போடியிலும் உறங்குபவர்கள் விடிந்ததும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி ஏலக்காட்டில் வேலை செய்துவிட்டு மாலையில் இறங்குகிறார்கள். ஒன்று இரண்டுக்கும் உரியதாக இருப்பது இங்கே இயல்பு. கியர் பெட்டி இக்குணத்தை இங்கே கற்றதா, வரும்போதே கொண்டுவந்ததா என்பது வரும் இயல்களில் தெளிவாகும்.

இம்மலைகளில் ஒரு காலத்தில் ரயிலும் ஓடியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இருந்த அந்தச் சிறு பாதையை 1924ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோனது. பிறகு யாரும் அதை மீட்கவில்லை. ரயிலுக்கு கியர் மாற்ற வேண்டியதில்லை. எனவே நம் ஆராய்ச்சிப் பொருள் பிறந்ததற்கு அந்த வெள்ளமும் ஒரு துணைக்காரணம் என்க.

இயல் 2: கருவி

ஜீப் 1941இல் போருக்காகப் பிறந்தது. 1945இல் வில்லிஸ் கம்பெனி அதைக் குடியானவனுக்கு ஏற்றபடி மாற்றி சி.ஜே. 2ஏ என்று விற்றபோது, டி-90 என்னும் மூன்று கியர் பெட்டியை உள்ளே வைத்தது. அதே ஆண்டில் இந்தியாவில் மஹிந்திரா & முகமது என்றொரு கம்பெனி தொடங்கியது. நாடு பிரிந்தபோது முகமது, அதாவது மாலிக் குலாம் முகமது, பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார்; 1948இல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா & மஹிந்திரா ஆயிற்று. நம் ஜீப்புக்கு எல்லைச் சிக்கல் பரம்பரையாக வந்தது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுவோர் ஆய்வாளர் அல்லர்.

வில்லிஸ் 1953இல் கொண்டுவந்த சி.ஜே. 3பி அமெரிக்காவில் 1968இல் நின்றுபோனது. அதன் வாரிசுகளோ இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தன. அவற்றுள் உயிரோடு இருப்பவற்றில் நல்லதொரு பங்கு இன்று மலையேறிப் பிழைக்கிறது. இந்த வண்டியின் கணக்கு எளிது. முதல் கியரில் 2.8 மடங்கு, டிரான்ஸ்ஃபர் பெட்டியின் சின்ன ராடை லோவில் போட்டால் இன்னொரு 2.46 மடங்கு, ஆக்சிலில் 5.38 மடங்கு. பெருக்கினால் ஏறக்குறைய 37. என்ஜின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. மேடேறும் ஜீப்பைப் பக்கத்தில் நடந்துவரும் ஆடு முந்திப்போவதன் விளக்கம் இதுவே.

டி-90இன் உள்ளமைப்பில் நமக்கு வேண்டியது மேல்மூடி மட்டும். அதில் இரண்டு தண்டுகள் அருகருகே கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கியரை நகர்த்தும் ஒரு ஃபோர்க். ஒரு தண்டு முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும். மற்றது இரண்டாவதுக்கும் டாப்புக்கும். ஒவ்வொரு தண்டையும் அதனதன் இடத்தில் நிறுத்த ஸ்பிரிங் வைத்த குண்டு ஒன்று. தண்டுகள் இரண்டுக்கும் நடுவில் விரல்நுனி அளவுகூட இல்லாத ஒரு பின். ஒரு தண்டு நியூட்ரலை விட்டு நகர்ந்தால் இந்தப் பின் மறுபக்கம் தள்ளப்பட்டு, மற்றத் தண்டின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை அசையவிடாது. பெட்டிக்குள் சட்டம் ஒழுங்கு என்று இருப்பது இந்தப் பின் ஒன்றே.

முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது என்பதையும் குறித்துக்கொள்க. கியர்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவைக்கும் அந்த ஏற்பாடு 1928இலேயே காடிலாக் காரில் வந்துவிட்டது. டி-90இல் இரண்டாவதுக்கும் டாப்புக்கும் மட்டும் கிடைத்தது. ஓட்டத்தில் முதல் கியர் போட வேண்டுமானால் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து நடுவில் ஆக்சிலேட்டர் கொடுக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் கியர் ராடை இழுத்துப் பிடித்துத் திணிப்பார். நம் இலக்கியத்தின் பெரும்பகுதி அந்தத் திணிப்பிலிருந்து உருவானது.

இயல் 3: பிறர் மதமும் மறுப்பும்

வண்டி நின்றதும் இறங்குபவர்கள் மூன்று கட்சியாகப் பிரிவர்.

முதலாவது எண்ணெய்க் கட்சி. “ஆயில் பாத்தீங்களாண்ணே?” என்பது இவர்கள் கொள்கை முழுவதும். கட்சியில் உண்மை இல்லாமல் இல்லை. ஜி.எல். 4 வகை எண்ணெய் ஊற்ற வேண்டிய பழைய பெட்டியில் ஜி.எல். 5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சிங்க்ரோவின் பித்தளை வளையத்தைக் காலப்போக்கில் அரித்துவிடலாம். ஆனால் எண்ணெய் வற்றிய பெட்டி இறுகுவதற்கு முன் நெடுநாள் ஓலமிடும். மறையூர்ச் சந்தையில் நன்றாக இருந்து, காந்தளூர் ஏற்றத்தில் கியர் மாற்றும் நொடியில் பூட்டிக்கொண்ட வண்டிக்கு இம்மதம் பொருந்தாது என்க.

இரண்டாவது சுத்தியல் கட்சி. “ஒரு தட்டு தட்டுங்க சேட்டா, விட்டுடும்.” இவர்கள் நோயை மறுப்பென்று கொள்கிறார்கள்: கியர் விழ மாட்டேன் என்கிறது, ஆகவே அடித்துப் பணியவை. தட்டினால் ஃபோர்க் வளையும். வளைந்த ஃபோர்க் தரும் வேதனை வேறொரு நூலுக்குப் பொருளாகும்.

மூன்றாவது கிளட்ச் கட்சி. படித்தவர்கள் அதிகம் உள்ள கட்சி. எல்லாக் குற்றமும் கிளட்ச்சுடையது என்பார்கள். சில வண்டிகளில் அது சரியாகவும் இருக்கும். அதனால் இவர்களைத் திருத்துவது கடினம்.

இம்மூவரையும் மறுத்து நாம் நிறுவுவது:

பூட்டிய பெட்டி மறுத்தது அன்றே;
இருவர் ஏவலும் ஏற்றது அதுவே.

இதன் பொருள்: நடுப்பின் தேய்ந்து, ராடின் அடிமுனையும் தேய்ந்த பெட்டியில், முதல் கியர்த் தண்டு நியூட்ரலுக்கு முழுதாகத் திரும்பும் முன்னே ராடு நழுவிப் பக்கத்துத் தண்டின் பள்ளத்தில் விழுந்துவிடும். ஓட்டுநர் இரண்டாவது கியரைப் போடுவார். அது விழும். முதல் கியரும் விழுந்தபடியே இருக்கும். இப்போது பெட்டிக்குள் மெயின் ஷாஃப்ட்டும் லே ஷாஃப்ட்டும் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்களால் ஒரே நேரத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ஜோடி ஒரு வேகம் கேட்கிறது, மற்றது வேறு வேகம் கேட்கிறது. ஒரே நுகத்தில் காளையையும் எருமையையும் பூட்டி இரண்டும் தத்தம் நடையில்தான் நடக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் வண்டி என்ன செய்யும்? நிற்கும். ஆகவே கியர் ‘விழவில்லை’ என்பது தவறு. ஒன்று அதிகமாக விழுந்திருக்கிறது. சுத்தியல் கட்சி இரட்டிப்புப் பணிவைக் கீழ்ப்படியாமை என்று எண்ணி அடிக்கிறது. அலுவலகங்களில் இரண்டு அதிகாரிக்குக் கீழே ஒருவராக வேலை பார்த்தோர் இந்த இடத்தில் உரையாசிரியரின் உதவியின்றியே பொருள் கொள்வர்.

இயல் 4: சோதனை

கிளட்சே, ராடே, இருகியர், முறுக்கென
நகரா வண்டி நால்வகைப் படுமே.

முதற்சோதனை என்ஜினை அணைத்துச் செய்வது. ஓடும் என்ஜினில் அசையாத ராடு, அணைத்ததும் சுலபமாக எல்லா கியருக்கும் போகிறதா? குற்றம் கிளட்ச்சுடையது; அது முழுதாக விடவில்லை. இணைப்புக் கம்பி தளர்ந்திருக்கலாம். இடவப்பாதி மழை முழுக்கக் கொட்டகையில் நின்ற வண்டியானால் ஈரத்தில் கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கலாம். மூன்றாம் கட்சிக்கு இது ஒன்றே வெற்றி; வாழ்த்திவிட்டு மேலே செல்க.

இரண்டாவது சோதனை கையால் அறிவது. ராடு எந்தப் பக்கமும் பிடிப்பில்லாமல் தொளதொளவென்று சுற்றினால், அடிமுனை இரண்டு பள்ளத்திலிருந்தும் வெளியே வந்துவிட்டது. ராடு இறுகியிருந்தால் அடுத்ததற்குச் செல்க.

மூன்றாவது சோதனையே இந்நூலின் உயிர். சமதளத்தில், என்ஜின் அணைந்த நிலையில், ஓட்டுநர் கிளட்ச்சை அழுத்திக்கொண்டிருக்க மற்றவர் தள்ளுக. ஒரே ஒரு கியர் விழுந்திருந்தால், கிளட்ச் என்ஜினைப் பிரித்துவிடுவதால் வண்டி உருளும். இரண்டு விழுந்திருந்தால் பூட்டு கிளட்ச்சுக்குப் பின்னால், பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும் வண்டி அசையாது. பிறகு சின்ன ராடை நியூட்ரலில் போடுக. வண்டி உடனே உருண்டால், குற்றம் பெரிய பெட்டியில் என்பது ஐயமின்றி முடிந்தது. மலைச்சரிவில் இச்சோதனை வேண்டா. சின்ன ராடு நியூட்ரலுக்குப் போனால் வண்டியைப் பிடித்து நிறுத்த கியர் ஒன்றும் மிஞ்சாது. நூற்பா:

கல்வைத்த பின்னரே கைவைத்தல் முறையே.

நான்காவது முறுக்கு. இது பூட்டு போலத் தோன்றும், பூட்டு அன்று. கொழுக்குமலைக் கல்பாதையில் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து இறங்கிய ஓட்டுநர், அதை எடுக்க மறந்து தார்ச்சாலையில் ஏறி இரண்டு வளைவு திரும்புவார். வளைவில் முன்சக்கரம் ஓடும் தூரம் அதிகம், பின்சக்கரம் ஓடும் தூரம் குறைவு. கல்லிலும் சேற்றிலும் டயர் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டுகளில் முறுக்காக ஏறும். முன்சக்கர இழுவைக்குரிய ராடு எடுத்தால் வராது. மருந்து எளிது: ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் போக வேண்டும், அல்லது ஓரத்து மண்ணில் இறக்க வேண்டும். ஏறிய முறுக்கு இறங்கும்போது ராடு தானே கையோடு வரும்.

இயல் 5: மருந்து

இருகியர் நோய்க்கு மருத்துவம் சுருக்கமானது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். என்ஜின் அணைக்கப்பட வேண்டும். ராடின் அடியில் உள்ள மூடியைக் கழற்றி ராடை மேலே உருவுக. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு தண்டுகளின் பள்ளங்கள் தெரியும். நியூட்ரலில் அவை ஒன்றுக்கு நேராக ஒன்று நிற்க வேண்டும். இப்போது ஒன்று முன்னே, ஒன்று பின்னே, அல்லது இரண்டும் இடம் மாறி நிற்கும். பெரிய ஸ்குரூ டிரைவரை நுழைத்து, முதலில் ஒன்றை, பிறகு மற்றதை, குண்டு ‘டக்’ என்று உட்காரும் வரை நெம்புக. பல்லில் இறுக்கம் இருந்தால், ஒருவர் வண்டியை இம்மியளவு முன்னும் பின்னும் ஆட்டிக்கொடுக்க வேண்டும். சுத்தியல் கட்சியாரை இவ்வேலையில் அமர்த்தினால் அவர்கள் கையும் சும்மா இருக்காது. பள்ளங்கள் நேராக நின்றதும் ராடை இறக்கி மூடியை மாட்டுக. வண்டி ஓடும்.

ஓடுவது குணமாவது அன்று. தேய்ந்த பின் தேய்ந்தபடியேதான் இருக்கிறது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி இரண்டு ஏவலையும் ஏற்கும். பட்டறையில் மேல்மூடியை இறக்கி, நடுப்பின், குண்டு, ஸ்பிரிங் மூன்றையும் மாற்றி, ராடின் முனையைச் சரிசெய்வதே தீர்வு. அதுவரை ஓட்டுநர் கடைப்பிடிக்க வேண்டிய விரதம் ஒன்று: முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகையில் நியூட்ரலில் ஒரு கணம் நின்று, பிறகு போக வேண்டும். இரண்டு ஏவலுக்கு இடையே ஓர் இடைவெளி கொடுத்தால் பெட்டி எதையும் குழப்பிக்கொள்வதில்லை.

புறனடை

சொல்லாது விட்டவை சுத்தியல் தொடாமல்
ஆய்ந்து கொள்ளல் அறிந்தோர் கடனே.

புறனடையுள் அடங்குவன: உடைந்த பல், இறுகிய பேரிங், ஃபோர்க் தண்டில் கழன்ற ஊசி முதலாயின. இவற்றுக்குப் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். நூல் உதவாது, கட்டி இழுத்துப் போகும் இன்னொரு ஜீப் உதவும்.

வண்டி நகர்ந்த பின்னர் நேர்வதையும் ஆராய்ச்சி நேர்மைக்காகப் பதிவு செய்கிறோம். “ஆயில் சூடாகி எளகிடுச்சு, அதான்” என்பார் எண்ணெய்க் கட்சியார். “நெம்புனதும் ஒருவகையில தட்டுனதுதானே” என்பார் சுத்தியல் கட்சியார். கிளட்ச் கட்சியார் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். மறுக்கப்பட்ட மூன்று மதங்களும் மறுப்புக்குப் பிறகு முன்னிலும் வலுவாக வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. நெம்பியவருக்குத்தான் இடம் இல்லாமல் பின்னால் தொங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.