கட்டைவிரலியல்: மணவூர் லோக்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஆட்டத்தில் சரக்கே இருக்காது. விற்பனை மட்டும் கொடிகட்டிப் பறக்கும். செல்போன் விளையாட்டுகளின் இந்த மர்மத்தைத் துலக்க, சென்னையிலிருந்து மணவூர் வழியாக அரக்கோணம் போகும் மின்ரயிலில் சக பயணிகளின் கட்டைவிரல்கள் கூர்ந்து நோக்கப்பட்டன.

சான்று ஒன்று: ஓட்டம்

சப்வே சர்ஃபர்ஸ், 2012இல் டென்மார்க்கில் பிறந்தது. பையன் தண்டவாளத்தில் ஓடுவான். இன்ஸ்பெக்டரும் நாயும் துரத்துவார்கள். இடம், வலம், தாவு, குனி: நாலே அசைவு. முடிவு கிடையாது. சீசன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருப்பவர்களே இதை ஆடுகிறார்கள். வித்தவுட்டில் வருபவர் ஆடுவதில்லை. அவருக்கு அது வெளியிலேயே நடக்கிறது.

சான்று இரண்டு: மாடு

2010இல் அமெரிக்கப் பேராசிரியர் இயன் போகோஸ்ட், ஃபேஸ்புக் விளையாட்டுகளைக் கிண்டலடிக்கவே 'கவ் கிளிக்கர்' செய்தார். மாட்டை ஒருமுறை தட்டு, ஆறு மணி நேரம் காத்திரு, மறுபடி தட்டு. 50,000 பேருக்கு மேல் தட்டினார்கள். காசு கொடுத்து வேறு மாடும் வாங்கினார்கள். நம்மூர் மாட்டுக்காரர் காலையில் கறந்தால் சாயங்காலம் வரை காத்திருக்கிறார். அவருக்குப் பாலாவது மிஞ்சும்.

சான்று மூன்று: மிட்டாய்

மூன்று மிட்டாயை வரிசையாக்கும் கேண்டி க்ரஷ்ஷின் கம்பெனி 2016இல் கைமாறிய விலை 590 கோடி டாலர்.

செய்முறை

நல்ல ஆட்டம் ஏன் இங்கே எடுபடுவதில்லை? சோதிக்க, கடினமான சதுரங்கப் புதிர் ஒன்றைச் செஞ்சி பனம்பாக்கத்தில் தொடங்கினேன். நிமிர்ந்தால் திருவாலங்காடு. மணவூர் போயே போச்சு.

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தபோது தெளிந்தது. காளியோடு போட்டியிட்ட சிவன், காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஒரே அசைவில் ஜெயித்த ஊர் இது. ஆட்டம் என்றால் அசைவுகளின் எண்ணிக்கையா என்ன!

முடிபு

லோக்கலில் ஒரு கை கம்பிக்கு, ஒரு காது அடுத்த ஸ்டேஷனுக்கு. மிச்சம் ஒரு கட்டைவிரலும் நாலைந்து நிமிஷமும். அந்த மிச்சத்துக்கு அளவெடுத்துத் தைத்த ஆட்டமே விற்கிறது. சப்பையாக இருப்பது அதன் குறையன்று; அதுதான் சரக்கு.

பின்குறிப்பு

என் டிக்கெட் மணவூர் வரைக்கும்தான். திரும்பும் வண்டியில் நான் எதுவும் ஆடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.