கட்டிங்குக்கே சாய்கிறீர்களா? காரணம் தெரியாமலிருக்க எளிய வழிகள்

குவார்ட்டருக்கு அசராத ஆள், இப்போது கட்டிங்குக்கே சாய்கிறீர்கள். பதறாதீர்கள். காரணம் கடைசிவரை தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். பாதிப் பாடத்தை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள்.

1. சரக்கைத் திட்டுங்கள். "டூப்ளிகேட்" என்றால் மேசையே ஆமோதிக்கும். அதே பாட்டிலில் ஊற்றிக்கொண்டவர்கள் தெம்பாக இருப்பதைக் கவனிக்காதீர்கள்.

2. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்காதீர்கள். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், அரிப்புக்கு செட்டிரிசின், தூக்கத்துக்கு அல்பிரசோலம். "அது காலையில போட்டது" என்று கணக்கிலிருந்து தள்ளுங்கள். அல்பிரசோலத்தோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். நல்ல தூக்கம் என்று பெயர் வையுங்கள்.

3. முகம் சிவந்து நெஞ்சு படபடக்கிறதா? மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும். அதை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே சோம்பேறி. சீனா, ஜப்பான், கொரியாவில் இது சகஜம். கெட்டிக்காரர்கள் ஃபமோடிடின் மாத்திரை போட்டுச் சிவப்பை மறைத்துவிட்டுத் தொடர்வார்கள். நஞ்சு உள்ளேதான் இருக்கும், உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் கூடவே. ஆனால் போட்டோவில் முகம் நன்றாக விழும்.

4. வீட்டாருக்கும் வேலை உண்டு. அதே நொதியை வேண்டுமென்றே முடக்குவது டைசல்பிராம் மாத்திரை. மருத்துவர் சொல்லி, குடிப்பவர் சம்மதித்துப் போடவேண்டியது. நீங்கள் சாம்பாரில் கலந்துவிடுங்கள். ரத்த அழுத்தம் சரிந்து அவர் விழுந்தால், ஆஸ்பத்திரியிலும் வாயைத் திறக்காதீர்கள்.

5. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவரா? வெறும் வயிற்றில் ஆரம்பியுங்கள். கல்லீரல் மதுவோடு மல்லுக்கட்டுவதில், ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதைக் கைவிடும். வேர்க்கும், நாக்குக் குழறும், கால் பின்னும். அச்சு அசலாகப் போதை! அதனால் சர்க்கரை இருப்பதை நண்பர்களிடம் சொல்லாதீர்கள். "மப்பு, தூங்கட்டும் விடு" என்று போர்த்திவிட்டுப் போவார்கள். விடிந்ததும் வந்து எழுப்பிப் பார்ப்பார்கள்.

6. முதல் மடக்கிலேயே கழுத்துக் கட்டி வலிக்கிறதா? ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுநோயில் அபூர்வமாக அப்படி வலிக்கும். தைலம் தேயுங்கள்.

7. முன்பு தாங்கியது இப்போது தாங்கவில்லை என்றால், வயசாக ஆக உடம்பில் நீர் குறைவதும் காரணமாகலாம், கல்லீரல் கெட்டதும் காரணமாகலாம். முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள். கண் மஞ்சளானால் கூலிங்கிளாஸ்.

8. எப்படியும் ஒருநாள் மனைவி டாக்டரிடம் இழுத்துப் போவார். "குடிப்பீங்களா?" என்று கேட்பார் டாக்டர். பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, "எப்பவாவது, கல்யாணம் காட்சின்னா" என்று சொல்லுங்கள். வாயு என்று பாண்டோபிரசோல் எழுதுவார். வெளியே வந்ததும் நண்பருக்குப் போன் போடுங்கள்: "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டார்டா!"