பெட்டி மட்டும் காரில் வரட்டும்

வருவதற்கு முந்தின வாரமே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "மதினி, உங்க வீட்ல குப்பையைத் தரம் பிரிச்சுப் போடுறீங்களா?" "மதினி, குளிக்கிற தண்ணி எங்க போகுது?" எப்படி இருக்கீங்க, பிள்ளைகள் என்ன படிக்கிறாங்க என்பதெல்லாம் அதற்குப் பிறகு ஞாபகம் வந்தால் உண்டு. பசுமைப் பயணி மதுரைக்கு வருகிறார் என்றால் முதலில் விசாரிக்கப்படுவது எங்கள் குப்பைத்தொட்டிதான்.

(எனக்கு இப்படி ஒரு கொழுந்தன் இருப்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பொதுவாகத்தான் சொல்கிறேன்.)

பெங்களூரிலிருந்து மதுரைக்கு ராத்திரி ரயில் இருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. பசுமைப் பயணி விமானத்தில் வருவார். லீவு கிடைக்கவில்லையாம். பரிகாரமாக, டிக்கெட் எடுக்கும்போதே கூடக் கொஞ்சம் பணம் கட்டி எங்கோ ஒரு மரம் நடச் சொல்லிவிட்டாராம். எந்த ஊரில், என்ன மரம் என்று கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும் மதினி."

ஆனால் இறங்கிய பிறகு காரில் ஏறமாட்டார். ஊருக்குள் பொதுப் போக்குவரத்து மட்டும்தான், அது கொள்கை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது, அது நடைமுறை. "பெட்டியை மட்டும் நீங்க எடுத்துட்டு வந்துருங்கண்ணே" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அவரும் விமான நிலையம் இருக்கிற பெருங்குடியிலிருந்து பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். ஸ்டாப்புக்கு ஸ்டாப் பஸ் நிற்க, காரும் நிற்க. முன்னால் வியர்வையில் கொழுந்தன், மன்னிக்கவும், பயணி, பின்னால் ஏ.சி.யில் பெட்டி.

டவுன் பஸ்ஸில் போவது ஒரு கொள்கை என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். 2021இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. பூக்கூடையோடும் கீரைக்கட்டோடும் ஏறி இறங்குகிறவர்கள் யாருக்கும், தாங்கள் பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற விவரம் இன்னும் போய்ச் சேரவில்லை.

எனக்கு ஒரு துணிப்பை கொண்டுவந்திருந்தார். ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, விலைச்சீட்டு எடுக்காமல். கல்யாண வீடுகளில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை எங்கள் பரணில் ஒரு மூட்டை கிடக்கிறது. 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபோது என் மாமியார், "மீண்டும் எதுக்கு? நாம எப்ப விட்டோம்?" என்று கேட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டில்தான் முடியவில்லை.

ஸ்டீல் பாட்டில். ஒரு லிட்டர் பிடிக்கும். மேலே ஒரு ஆமைப் படம். வெளியூர் போனால் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறார். சபதம் அவருடையது, தண்ணீர் தேடுவது எங்கள் வேலை. கார்ப்பரேஷன் தண்ணீர் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. போர் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர் குடிக்கலாமா என்பதில் அவருக்கே ஒரு குழப்பம் இருந்தது. கேனும் பிளாஸ்டிக்தானே? திரும்பப் போய் நிரம்பி வருகிற பிளாஸ்டிக் என்பதால் அது பாவக்கணக்கில் சேராது என்று இரண்டாம் நாள் தீர்ப்புச் சொன்னார். ஊருக்கு வெளியே எங்கோ நிலத்தடியில் உறிஞ்சி, டீசல் வண்டியில் ஏற்றி, மூன்று மாடி தூக்கிக்கொண்டு வருகிறார்களே என்றேன். அதற்குத் தீர்ப்பு வரவில்லை.

டிபன் கடையில் உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீர் வைக்கிறார்கள். அதை அவர் தொடவில்லை. "இது கேன் தண்ணியா, போர் தண்ணியா?"

சப்ளையர் டம்ளரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "தண்ணிண்ணே."

"அதான், எந்தத் தண்ணி?"

அண்ணனுக்குச் சந்தேகம் என்று புரிந்துகொண்டு, அந்தப் பையன் நல்ல மனசோடு உள்ளே போய் சீல் உடைக்காத பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அவ்வளவுதான். பெட்ரோலியத்திலிருந்து பிளாஸ்டிக் எப்படி வருகிறது என்பதில் ஆரம்பித்தார். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை, பாட்டிலுக்கு மட்டும் ஏன் தடை இல்லை என்று அந்தப் பையனிடமே கேட்டார். நாலு மேஜைக்கு சாம்பார் ஊற்ற வேண்டியவன் வாளியோடு நின்றுகொண்டிருந்தான். எங்கள் இட்லி ஆறிப்போனது. கடைசியில் முதலாளி எழுந்து வந்து, "தம்பி, பின்னாடி கேன் இருக்கு, நீங்களே புடிச்சுக்கங்க" என்றார். பயணியும் சமையல்கட்டு வரைக்கும் போய், கேன் மூடியில் எழுதியிருப்பதை வாசித்துப் பார்த்து, பாட்டிலைப் பாதி நிரப்பிக்கொண்டு வந்தார். இது காலை. ஜிகர்தண்டா கடையில் இதே நாடகம் மறுபடி. திருமலை நாயக்கர் மகால் வாசலில் மறுபடி. கோயிலில் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். செல்போனைச் சிரித்துக்கொண்டே கொடுத்தவர், காவலர் பாட்டிலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்ததும் பதறிவிட்டார்.

ஒரு லிட்டர் தண்ணீரும் ஸ்டீலும் சேர்ந்தால் நல்ல கனம். பதினோரு மணி வெயிலில் அது யார் தோளில் தொங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே கழுத்து எலும்பு தேய்மானம்.

ராத்திரி வீட்டுக்கு வந்தால், நாளைக்கு வேண்டிய தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித் தரவேண்டும். கேஸ் எரிகிறதே, அது கார்பன் இல்லையா என்று கேட்க நினைத்தேன். வந்த விருந்தாளி. கேட்கவில்லை. பால் பாக்கெட் கூடாது என்பதால் விடிகாலையில் தூக்குவாளியோடு நாலு தெரு தள்ளி மாட்டுக்காரர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய்வந்ததையும் சொல்லவில்லை. ஏ.சி. வேண்டாம் என்று மாடியில் பாய் விரித்தவர் கொசு தாங்காமல் ஒரு மணிக்குக் கதவைத் தட்டியதை மட்டும் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வைகைக் கரையில் அவரைக் காணவில்லை. கூட்டத்தில் தொலைந்துவிட்டார் என்று பயந்து தேடினால், ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்று நீர்மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். சட்டையெல்லாம் நனைந்து, நெற்றியில் யாரோ பூசிய சந்தனம். காகித டம்ளரைக் கீழே போடுகிறவர்களைப் பார்த்து ஒரு பிரசங்கமும் இல்லை. குனிந்து தானே பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "மதினி, நீங்களும் ஒரு டம்ளர் குடிங்க" என்று நீட்டினார். மோர் நன்றாக இருந்தது. என்ன தண்ணீர் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கே ஊருக்குப் போயிருந்தால் அவரைப் பற்றி நான் எழுதியிருக்கமாட்டேன். மறுநாள் அம்மன் சன்னதிப் பக்கம் பூ வாங்கினோம். "உள்ளூர்க்காரங்ககிட்டதான் வாங்கணும் மதினி, நம்ம காசு ஊருக்குள்ளயே சுத்தணும்" என்றபடியே உட்கார்ந்தார். பூக்காரம்மா முழம் ஐம்பது என்றார். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வரலாற்றை அந்தம்மாவுக்கே எடுத்துச் சொல்லிவிட்டு, முப்பதுக்குக் கேட்டார்.

"அது கெடச்சா வெல கூடணும்ல தம்பி? நீங்க கொறைக்கிறீக?"

எனக்கு இங்கே சிரிப்பு வரவில்லை. காலையில் மாட்டுத்தாவணியில் ஏலம் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் கட்டி, வாடுவதற்குள் விற்றாக வேண்டியவர் அவர். மிஞ்சினால் குப்பை. அவரிடம் முழத்துக்கு இருபது ரூபாய் குறைத்தது வெற்றி என்று பயணி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். ஷேர் ஆட்டோவிலும் அதே கணக்கு, இளநீர்க் கடையிலும் அதே கணக்கு. முகம் தெரியாத ஊரில் நடுகிற மரத்துக்குக் கட்டிய பணத்தில் மட்டும் அவர் ஒரு பைசா பேரம் பேசவில்லை. பொறுப்பான பயணம் என்றால் எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளும் அதில் சேர்த்திதானே?

கிளம்புகிற அன்று மானாமதுரைப் பானை ஒன்று வேண்டும் என்றார். ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு இனி மண்பானைத் தண்ணீர்தானாம். வாங்கினோம். விமானத்தில் கொண்டுபோனால் உடையும், கூரியரில் அனுப்புங்கள் என்றார். கூரியர்காரர் அதைக் குமிழிப் பிளாஸ்டிக் தாளில் நாலு சுற்றுச் சுற்றி, தெர்மாகோல் அடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டிக்கு மேலேயும் டேப் ஒட்டினார். பானைக்கு ஆன செலவு கட்டுக்கு ஆனதில் பாதிகூட இல்லை.

நேற்று ராத்திரி செய்தி வந்தது. கழுத்துப் பக்கம் விரிசல் விட்டிருக்கிறதாம், படமும் அனுப்பியிருந்தார். "இன்னொண்ணு அனுப்ப முடியுமா மதினி? இந்தத் தடவை பிளாஸ்டிக் தாளைக் கொஞ்சம் கூடவே சுத்தச் சொல்லுங்க."